நான் பார்க்காத என் கால்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை என்னுடையது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான். நான் உள்ளே உட்கார்ந்துவிட்டால் வந்தவர்கள் வெளியே நின்றுதான் பேச வேண்டும். அதற்குக் கடை சிறியது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் நான்.

அளவெடுக்கும்போது எல்லாப் பெண்களும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "மூச்ச விடுங்க அக்கா, ரவிக்கை போட்டா மூச்சு விட வேணாமா?" என்பேன். சிரித்துக்கொண்டே விடுவார்கள். அளவை நான் சத்தமாகச் சொல்ல மாட்டேன். கல்யாணப் பெண்களுக்குத் தைத்தால் இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பேன். ஒரு பிள்ளை பெற்றுவிட்டு வந்தால் தையலைப் பிரித்து விட்டுக் கொடுக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படிப் பிரித்து விட்டிருக்கிறேன். அவர்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் உடம்பைப் பற்றி மட்டும் ஊரே கேட்கும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஒரு வாடிக்கையாளர் கொள்ளுப் பொட்டலமே கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். சோற்றை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். சப்பாத்தியை நிறுத்து என்றார்கள், அதையும் நிறுத்தினேன். நிறுத்தியபோது கொஞ்சம் இறங்கும். ஒரு தலைவலி, ஒரு தீபாவளி வந்தால் வட்டியோடு திரும்ப ஏறும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எனக்கு இரண்டு பங்கு சாப்பிடுவார், ஆனால் பனியன் தோளில் நிற்காது. கடவுளிடம் எனக்கு இருக்கிற முதல் வழக்கு அதுதான்.

ஒரு முறை எம்ஆர்டி ரயிலில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் வயிற்றைப் பார்த்து, "எத்தனை மாசம் ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டாள். எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. ஆனால் கால் வலித்தது, இடம் வேண்டியிருந்தது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அஞ்சு" என்றேன். நான் இறங்கும் ஈசூன் ஸ்டேஷன் வரும்வரை அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் குளியலறையில் தனியாக அழுதேன்.

என் கால் விரல்களை நான் நேராகப் பார்த்து வெகு காலம் ஆகிறது. நின்றபடி குனிந்தால் வயிறு மறைக்கும், உட்கார்ந்து குனிந்தால் மூச்சு முட்டும். கடைக் கண்ணாடி முன்னால் நின்று சேலையைக் கொஞ்சம் தூக்கினால்தான் பாதம் தெரியும். சர்க்கரை வந்த பிறகு விரல்களில் உணர்ச்சியும் மங்கிவிட்டது. கால் என்று ஒன்று கீழே இருக்கிறது, அது என்னைச் சுமக்கிறது என்ற அளவில்தான் எங்களுக்குள் பழக்கம்.

அந்தக் காலில் வந்தது வினை. இடது காலில் கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, ஒரு நாள் சேலையின் ஓரம் பட்டதும் சுள்ளென்று எரிந்தது. கொசுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்த இடம் தட்டு மாதிரிப் பரவியது. கண்ணாடியில் பார்த்தால் சிவப்பு. கையை வைத்தால் சூடு. அழுத்தினால் தோலுக்கு அடியில் கட்டையாக ஏதோ கிடந்தது. எப்படியோ எட்டித் தொட்டுவிடுவேன். தொட்ட பிறகு வலியில் கண்ணீர் வந்துவிடும்.

என் கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் பாதி டாக்டர்கள். ஒருத்தி ரத்தக்கட்டு என்றாள். இன்னொருத்தி, "நண்டு சாப்பிட்டீங்களா? அப்ப அதேதான் லா" என்றாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு புதிதாக வந்திருந்த ஒரு பெண், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தவள், திரைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, இது அக்கி. எங்க ஊர்ல எங்கப்பாதான் எல்லாருக்கும் அக்கி எழுதுவாரு. எரியுதா?"

"எரியுது."

"சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அக்கியேதான். இதுக்கு டாக்டர்கிட்ட போகக் கூடாது. உள்ள அமுக்கிருவாங்க."

சிராங்கூன் ரோட்டில் பூஜைச் சாமான் கடைக்குப் போய்க் காவிக்கட்டி வாங்கி வந்தாள். தண்ணீர் விட்டு உரசி, என்னிடம் இருந்த கோழி இறகுத் தூரிகையில் ஓர் இறகைப் பிடுங்கி, சிவந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நடுவில் சிங்கம் என்று ஒன்றை வரைந்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பூனை மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த ஈரம் பட்டதும் வந்த குளிர்ச்சி இருக்கிறதே, அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ என் காலோடு முதல் முறையாகச் சண்டை போடாமல் பேசியது போல இருந்தது.

அக்கி என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அக்கி யாருக்கும் வரும். ஒல்லிக்கும் வரும், குழந்தைக்கும் வரும். சூட்டினால் வருகிறது, போய்விடும். எனக்கு முட்டி வலித்தால் எடையினால், மூச்சு வாங்கினால் எடையினால், தூக்கம் வராவிட்டால் எடையினால். என் உடம்பில் எடையினால் வராத ஒரு நோய் வந்திருக்கிறது என்று ஒருத்தி சொல்கிறாள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவேன்?

அந்தப் பெண் அடுத்தடுத்த நாட்களும் வந்து காய்ந்த காவியின் மேல் மறுபடி மறுபடி எழுதிவிட்டுப் போனாள். காலைக் கழுவக் கூடாது, மருந்து தடவக் கூடாது, கவுச்சி கூடாது. எல்லாம் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாக, "க்ளினிக் போயிட்டு வந்துரலாமே?" என்றார். "அக்கிக்கு யாராச்சும் க்ளினிக் போவாங்களா?" என்று ஒரு முறை முறைத்தேன். அவர் வாதாடத் தெரியாத மனிதர். பஸ்ஸில் பயண அட்டையைத் தட்டாமல் ஏறுகிறவனைக் கூட ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் குழந்தையோடு வந்தாள். தெங்காவில் புது வீடு அவளுக்கு. தீவின் அந்தக் கோடியிலிருந்து வருகிறாள். நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"மா, வாட் இஸ் திஸ்? பெயின்டா?"

"அக்கி எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு? மா, கோட்டுக்கு வெளிய எல்லாம் ரெட்டா இருக்கு. நாளைக்கே பாலிக்ளினிக். ஸ்டப்பர்னா இருக்காதீங்க லா."

மறுநாள் அவளே லீவு போட்டு அழைத்துப் போனாள். அங்கே ஒரு தமிழ் நர்ஸ், இங்கே மிஸ்ஸி என்போம், உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காவியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எரிந்தது. ஒவ்வொரு தடவையும் "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்றாள். காவி போன பிறகும் சிவப்புப் போகவில்லை. இத்தனை நாளும் சிவப்பைச் சிவப்பு மூடியிருந்தது. அடியில் அது முழங்கால் பக்கம் பாதி தூரம் ஏறிவிட்டிருந்தது, எனக்கும் தெரியாமல், பார்த்தவர்களுக்கும் தெரியாமல்.

டாக்டர் சின்ன வயதுச் சீனப் பெண். நிதானமாகச் சொன்னார், மிஸ்ஸி தமிழில் சொன்னாள். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அழற்சியாகி வீங்கியிருக்கிறது. காலில் இறங்குகிற ரத்தம் சரியாக மேலே திரும்பாமல் தேங்குகிறது. தேங்கத் தேங்க அந்தக் கொழுப்பு இறுகிக் கட்டையாகிவிடும். நாள் பூராவும் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதும் ஒரு காரணம்.

"எடையும்தான் ஆன்ட்டி" என்றாள் மிஸ்ஸி, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. அதுவும் கொழுப்புக்கே நோய். என் கொழுப்பு எல்லோரையும் எரிச்சல்படுத்தி முடித்து இப்போது தானே எரிய ஆரம்பித்துவிட்டது.

"அப்ப அக்கி இல்லையா?" என்று கேட்டேன். எனக்கே தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி."

நடங்கள் என்றார் டாக்டர். நடந்தால் கால் எரிகிறது என்றேன். எடை குறைந்தால் எரிச்சல் குறையும் என்றார். எடை குறைய என்ன செய்ய வேண்டும் என்றேன். நடங்கள் என்றார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

முழங்கால் வரை வருகிற இறுக்கமான காலுறை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். விரல்கள் வெளியே தெரிகிற மாதிரி முன்னால் திறந்திருக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே, காலில் வீக்கம் ஏறும் முன்பே, அதைப் போட்டுவிட வேண்டும். ராத்திரி கழற்றலாம். தினமும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு மிஸ்ஸி, "அப்படியே பழகிக்கணும் ஆன்ட்டி" என்றாள். பிறகு என் பாதத்தைத் தொட்டு, "இந்த மெட்டியக் கழட்டிருங்க. வெரல் வீங்குது, ஒரு நாள் உள்ள மாட்டிக்கும்" என்றாள்.

"அது மட்டும் முடியாது" என்றேன்.

அவளும் மெட்டி போட்டிருப்பாளோ என்னவோ, காலுறையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் கல்யாணம் இந்தச் சிங்கப்பூரில்தான் நடந்தது. மண்டபத்தில் அம்மிக்கு எங்கே போவது? ஐயர் ஒரு சின்னக் கருங்கல்லைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதன் மேல் என் காலைத் தூக்கி வைத்து, இவர் மெட்டி போட்டார். அப்போது என் கால் ஒல்லியாக இருந்தது. அதற்குப் புகைப்படம் இருக்கிறது. இவருடைய சிநேகிதர் ஒருவர் பின்னாலிருந்து, "பாத்து மாப்ளே, இன்னிக்குப் பிடிச்ச கால நாளைக்கு விட முடியாது" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இவர் என் காலைத் தொட்டதே இல்லை. நான்தான் நல்ல நாள், பெரிய நாளில் இவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். தூக்கத்தில் என் கால் இவர் மேல் பட்டுவிட்டால் கூட விழித்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். புருஷன் கையில் காலைக் கொடுப்பது பாவம். புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவது அதைவிடப் பெரிய பாவம்.

காலுறையை நானே போட்டுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தேன். என் கை முழங்காலைத் தாண்டவில்லை. மகள் ஒரு கம்பிச் சட்டம் வாங்கிக் கொடுத்தாள். அதில் காலுறையை விரித்து மாட்டிக் காலை உள்ளே விட வேண்டுமாம். விட்டேன், சட்டம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சரிந்தோம். ஞாயிறு தோறும் மகள் வந்து போட்டுவிடுவாள். ஒரு வாரத்துக்கு ஒரு நாள் போட்டு என்ன ஆகும்?

ஒரு விடியற்காலை, டிப்போவுக்குக் கிளம்ப வேண்டியவர் சீருடையோடு கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"நான் போட்டு விடட்டா?"

"ஐயோ, வேணாங்க."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல."

அவர் டிப்போவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பாவம் என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அது இல்லை. காவி போல அதையும் நான் மேலே பூசிக்கொண்டேன். என் காலை அவர் பக்கத்திலிருந்து பார்த்துவிடக் கூடாது. பழுப்பும் சிவப்புமாகத் தோல் பளபளத்து, கெண்டைக்கால் மேலே பருத்துக் கீழே இறுகி, ஆட்டுரலைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்த அந்தக் காலை. விளக்கை அணைத்துவிட்டு எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன். இப்போது பட்டப்பகல் போல விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதா?

தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் தையல்காரிக்குக் கால் இருப்பதே மறந்துவிடும். துணிப் பைகள் என் தலைக்கு மேலே குவிந்திருந்தன. காலுறை அலமாரியில் கிடந்தது. கால் கனத்தது, எரிந்தது, பிறகு ஒரு நாள் ஈரமாக இருந்தது. மெஷினில் எண்ணெய் சிந்திவிட்டதோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தோல் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். அன்று சாயங்காலம் குளிர் சுரம் வந்து, பற்கள் கிட்டி, கையில் இருந்த கத்தரிக்கோலைக் கூட மேசையில் வைக்கத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் இவருக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் புண் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது என்றார்கள். கால் இன்னொரு மடங்கு ஆகியிருந்தது. விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன, மறு காலிலும் வீக்கம் ஏறுகிறது, இரண்டு மெட்டியையும் வெட்டி எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒருவர் சின்னச் சக்கர ரம்பத்தைக் கொண்டுவந்தார். சுரம் தலைக்கேறியிருந்தாலும் அதை மட்டும் நான் தெளிவாகப் பார்த்தேன்.

"வேணாம்! வெட்டாதீங்க! இதோ அவரு உயிரோட நிக்கிறாரு, எப்படிக் கழட்டுவீங்க?"

அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு வயதான பெண்மணிக்கு இரண்டு வெள்ளி வளையத்தின் மேல் இத்தனை ஆசையா என்று நினைத்திருப்பார்கள். இவர் என் தலைமாட்டில் நின்று என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வெட்டட்டும்மா. நான் இங்கதானே இருக்கேன். வெட்டட்டும்" என்றார். ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. விரலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. வலித்திருந்தாலாவது போகிறது என்று தெரிந்திருக்கும்.

கால் பிழைத்தது. இதே மாதிரி இன்னும் சில முறை வந்தால் காலைப் பற்றிச் சொல்ல முடியாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலுறையை ஒரு நாளும் விடக் கூடாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியுமுன் கண் விழித்தேன். இவர் கட்டில் முனையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறை இரண்டு போட்டிருந்தார்.

"இது என்னங்க கோலம்?"

"ரப்பர் போட்டா பிடிமானமா இருக்கும்னு அந்த மிஸ்ஸி சொல்லிக் குடுத்துச்சு. ஸ்டாக்கிங் வழுக்காதாம்." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "உறை போட்டிருக்கேன்ல. நான் எங்க தொடுறேன்?" என்றார்.

வாதாடத் தெரியாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா? வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே வாதம் அது. நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். வேலைக்குப் போகிற நாளில் இருட்டிலேயே எழுந்து விளக்கைப் போடுவார். காலுறையைக் குதிகால் வரை உள்ளே திருப்பி, பாதத்தில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுப்பார். ரப்பர் கீச்சென்று சத்தம் போடும். இழுக்கிற இழுப்பில் அவருக்கு மூச்சு வாங்கும். எனக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. என் வயிற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய நரைத்த உச்சி மட்டும் ஏறி இறங்கும். கழுத்து வரை வெட்கம் நிறைந்து கிடப்பேன். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை காலைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார்:

"நேத்தைக்கு இன்னைக்கு சிவப்பு கொறஞ்சிருக்கு."

எனக்குப் பார்க்க வழியில்லாததை அவர் பார்த்துச் சொல்வார். கடைக்குப் போவதற்குள் காலுறை மூடிவிடும். ராத்திரி கழற்றும்போது எனக்கு நிமிர்ந்து உட்காரவே தெம்பு இருக்காது. வீட்டில் பெரிய கண்ணாடி கிடையாது, நான்தான் வைக்க விடவில்லை. எனவே என் கால் எப்படி இருக்கிறது என்பது அவர் வாயால்தான். கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்துகொண்டிருந்தது. குறைகிறது என்ற நினைப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கூட முகம் சுளிக்காமல் குடித்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்தேன்.

ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குப் போகும் வழியில் அம்மன் கோயிலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவது என் வழக்கம். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். பெண்களுக்கு நடுவில் வெறும் விரலோடு, புருஷன் இருந்தும் இல்லாதவள் போல அம்மன் முன்னால் எப்படி நிற்பது? வீக்கம் முழுதாக வடியட்டும், புது மெட்டி போட்டுக்கொண்டு போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. வீட்டில் விபூதிப் பொட்டலம் தீர்ந்து, புதிது வராததை வைத்து அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காலுறையைப் போட்டு முடித்த பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரோஜா நிறத் தாளில் மடித்த ஒன்றை எடுத்தார். கேம்பல் லேனில் வெள்ளிக் கடையில் வாங்கினாராம்.

"அடியில வாய் தொறந்திருக்கும். விரிச்சுக்கலாம். அழுத்தாதுன்னு கடைக்காரரு சொன்னாரு."

"இப்பப் போடலாமா? வீக்கம்..."

"வீக்கம் எங்க இருக்கு? எல்லாம் வத்திப்போச்சு."

கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "இதை மட்டும் உறையோட போடக் கூடாது" என்றார். வெறுங்கை என் குதிகாலைத் தாங்கியது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. காலுறை வழியாகவே அந்தச் சூடு தெரிந்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். ஏதோ வளைகிற சத்தம், பிறகு மறு காலையும் எடுத்தார், மறுபடியும் அந்தச் சத்தம். விரலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எப்போதும் தெரியாதுதானே.

"போட்டாச்சா?"

ரோஜா நிறத் தாள் மடிகிற சத்தத்தோடு சொன்னார். "போட்டாச்சு. சரியா இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் போனார்.

அன்று கோயிலுக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, நியூட்டனில் ரயில் மாறி, மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டும்போது கால் கொஞ்சம் முன்னால் போனது. ஒரு சின்ன அலட்டல், சொல்ல வெட்கமில்லை. அம்மனிடம் எதையும் கேட்கவில்லை. வந்துட்டேன் தாயே என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் என் பாதத்தைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று சேலையை இழுத்து மூடாமல் நின்றேன்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரையை இழுத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். மெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். சேலையைத் தூக்கினேன். காலுறைக்கு வெளியே விரல்கள் சிவந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, உப்பி நின்றன. இரண்டாவது விரலில் மெட்டி இல்லை. அதன் கணுவில் தோல் லேசாக உரசிச் சிவந்திருந்தது, எதையோ தள்ளிப் பார்த்து முடியாமல் விட்டது போல. கழன்று விழுந்திருக்க வழியில்லை. மறு காலைப் பார்த்தேன். அதிலும் இல்லை.

முதலில் வந்தது கோபம்தான். அம்மன் முன்னால் வெறும் காலோடு நிற்க வைத்துவிட்டாரே! போனை எடுத்தேன். பஸ் ஓட்டுகிற நேரத்தில் எடுக்க மாட்டார் என்று வைத்துவிட்டேன். பிறகு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் காலை வைத்து, காலுறையின் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே உருட்டினேன். வீட்டில் முழங்காலைத் தாண்டாத கை, அன்று எப்படியோ தாண்டியது. அது இறங்க இறங்கக் கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு அன்றைக்கு மிஸ்ஸி காவியைத் துடைத்தபோது எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. அதற்கு மேலேயும் கொஞ்சம் இருந்தது.

யார் ரவிக்கையாக இருந்தாலும் பிரித்து விடுகிறவள் நான். இந்தத் தோலுக்கு உள்ளே யாரும் துணி விட்டுத் தைக்கவில்லை. வெளியே ஒரு வாடிக்கையாளர் "அக்கா, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். உருட்டியதை மேலே ஏற்ற என்னால் முடியவில்லை. அவரையே உள்ளே கூப்பிட்டு ஏற்றிவிடச் சொன்னேன்.

சாயங்காலம் இவர் வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி, "கோயிலுக்குப் போனியா?" என்றார்.

"போனேங்க. நல்ல தரிசனம்."

அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை விளக்கு எரிந்தது. கட்டில் முனையில் அவர் வந்து உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கியது. மஞ்சள் கையுறையை மாட்டுகிற சத்தம் கேட்டது. நான் காலை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நேத்தைக்கு இன்னைக்கு கொறஞ்சிருக்கு."

"ஆமாங்க. எனக்கே தெரியுது."

"மெட்டி உறுத்துதா?"

என் வயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் உச்சி அசையாமல் இருந்தது.

"இல்லைங்க" என்றேன். "போட்டிருக்கிறதே தெரியல."